பெண்ணியத்துக்குள் ஏன் இத்தனை பிரிவுகள்?

“ஆணும் பெண்ணும் சமம் என்பதுதான் பெண்ணியம் என்றால், அதற்குள் தாராளவாதம், மார்க்சியம், தீவிரப் பெண்ணியம், தலித் பெண்ணியம் என்று இத்தனை பிரிவுகள் எதற்கு? முதல் அலை, இரண்டாம் அலை என்பது என்ன கணக்கு? இவற்றுள் எது சரி?” என்று கேட்டிருக்கிறீர்கள். சமத்துவம் வேண்டும் என்பதில் இவர்களுக்குள் சண்டை இல்லை. அதற்குக் குறுக்கே நிற்பது எது என்பதில்தான் சண்டை. சட்டம்தான் தடை என்று கண்டவர்கள் சட்டத்தைத் திருத்தப் போனார்கள். சட்டம் திருந்திய பிறகும் அடுப்படி மாறவில்லையே என்றவர்கள் கூலியில்லாத உழைப்பைப் பற்றிப் பேசினார்கள். இரண்டிலும் தங்கள் நிலைமை வரவேயில்லை என்று உணர்ந்தவர்கள், நீங்கள் ‘பெண்’ என்று சொல்லும்போது யாரை மனத்தில் வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலான பிரிவுகள், தமக்கு முன்னிருந்த சிந்தனையால் தீர்க்க முடியாமல் போன ஏதோ ஒரு வழக்கிலிருந்து பிறந்தவை. சில இடங்களில் அது நீதிமன்ற வழக்காகவே இருந்தது.

அலைக் கணக்கை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். 1968-இல் மார்த்தா வைன்மன் லியர் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் அன்றைய அமெரிக்க இயக்கத்தை ‘இரண்டாம் அலை’ என்று எழுதினார். இரண்டாவது என்று ஒன்று வந்துவிட்டதால், அதற்கு முந்தைய வாக்குரிமைப் போராட்டத்துக்கு ‘முதல் அலை’ என்ற பெயர் பின்தேதியிட்டுக் கிடைத்தது. அது அமெரிக்காவுக்கும் ஓரளவு இங்கிலாந்துக்கும் பொருந்துகிற நாள்காட்டி. சுவிட்சர்லாந்தில் நாட்டளவிலான தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1971-இல்தான். அங்கே எதை முதல் அலை என்பது? நியூயார்க் மாநிலத்துச் செனிகா ஃபால்ஸில் 68 பெண்களும் 32 ஆண்களும் பெண்ணுரிமைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அதே 1848-இல், புணேயில் சாவித்திரிபாய் ஃபுலேயும் ஜோதிராவ் ஃபுலேயும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பெண்களின் மீது சுமத்தப்படும் குற்றங்களில் எது ஆண்களிடம் இல்லை என்று தாராபாய் ஷிண்டே மராத்தியில் கேட்டது 1882-இல். இவர்களை எந்த அலையிலும் அடைக்க முடியாது.

சட்டத்திலிருந்து தொடங்கியவர்களுக்குத் தாராளவாதப் பெண்ணியர் என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சி மனிதரின் உரிமைகளை அறிவித்தபோது அந்த ‘மனிதரில்’ பெண் இல்லை என்பதைக் கண்ட ஒலாம்ப் து கூஜ், 1791-இல் பெண்ணின் உரிமைப் பிரகடனத்தை எழுதினார். தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் இருக்க வேண்டும் என்பது அதன் பத்தாவது பிரிவு. 1793 நவம்பரில் அவருக்குக் கில்லட்டின் கிடைத்தது. இடைப்பட்ட 1792-இல் இங்கிலாந்தில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண் அறிவில் குறைந்தவளாகத் தோன்றுவதற்குக் காரணம் பிறப்பு அல்ல, வளர்ப்பு என்று வாதிட்டார். ஆணை மகிழ்விக்கவே பெண்ணைக் கற்பிக்க வேண்டும் என்ற ரூசோவின் கல்விக் கொள்கை அவருடைய முதன்மையான இலக்கு.

ஆனால் சட்டம் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதைக் கொள்கை நூல்களைவிட ஒரு பெண்ணின் கதை தெளிவாகக் காட்டும். ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, 1765-இல் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் விளக்கியவாறு, திருமணத்தோடு கணவனும் மனைவியும் ஒரே நபர். மனைவியின் சட்டபூர்வ இருப்பு திருமண காலம் முழுவதும் நிறுத்திவைக்கப்படுகிறது. அந்த ஒரு நபர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கேரலைன் நார்ட்டன் பெயர்பெற்ற எழுத்தாளர். 1836-இல் கணவரைப் பிரிந்தபோது மூன்று மகன்களையும் கணவர் எடுத்துச் சென்றார். தாய்க்குச் சட்டத்தில் உரிமை எதுவும் இல்லை. தன் மனைவியோடு தகாத உறவு வைத்திருந்ததாகக் கூறிப் பிரதமர் மெல்பர்ன் பிரபு மீது கணவர் வழக்குத் தொடர்ந்தார். மனைவியின் மானம் சந்தியில் நின்ற அந்த வழக்கில் மனைவி கட்சிக்காரர் அல்லர். ஒரு வார்த்தை பேச அவருக்கு இடமில்லை. பின்னாளில் அவர் எழுதிச் சம்பாதித்த பணமும் கணவருடையதே என்று ஆனது. சட்டப்படி எனக்கென்று சொத்து இல்லை என்றால் எனக்கென்று கடனும் இல்லை, போய் என் கணவர் மீது வழக்குப் போடுங்கள் என்று கடன்காரர்களுக்குப் பதில் சொல்லி, சட்டத்தை அதன் வாயாலேயே கேலிக்குள்ளாக்கினார். அவருடைய துண்டுப்பிரசுரங்களின் விளைவாக 1839-இல் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தாய்மார்கள் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்ற சட்டம் வந்தது. இதில் ஒரு வேடிக்கை: ஆண் பெண் சமத்துவம் என்ற கொள்கையை நார்ட்டன் ஏற்கவேயில்லை, அதை மடமை என்றே எழுதினார். அவர் கேட்டது நியாயம் மட்டும். ஆனால் அவர் திறந்த கதவு வழியாகத்தான் 1870, 1882 ஆண்டுகளின் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் வந்தன.

வாக்குரிமையும் இந்த வழியில் வந்ததுதான். 1867-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், தேர்தல் சட்டத்தில் ‘ஆண்’ என்றிருப்பதை ‘நபர்’ என்று மாற்றக் கோரியபோது அவருக்குக் கிடைத்தவை 73 வாக்குகள். நியூசிலாந்து 1893-இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. பிரிட்டன் 1918-இல் முப்பது வயது தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கும், 1928-இல்தான் ஆண்களுக்குச் சமமாகவும் கொடுத்தது. இலங்கையில் 1931-இல் வயதுவந்த எல்லாருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. பிரெஞ்சுப் பெண்கள் அதற்கு 1944 வரை காத்திருந்தார்கள். சென்னை அடையாற்றில் 1917-இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் முன்வைத்த கோரிக்கைக்கு, சொத்துத் தகுதி என்ற வரம்போடுதான் என்றாலும், சென்னை மாகாணம் 1921-இல் இணங்கியது.

சொத்துத் தகுதி என்ற அந்தச் சிறிய வரம்பில்தான் தாராளவாதத்தின் எல்லையும் இருக்கிறது. சொத்து இல்லாதவளுக்குச் சொத்துரிமைச் சட்டத்தால் என்ன பயன் என்று மார்க்சியர்கள் கேட்டார்கள். சொத்தைத் தன் பிள்ளைக்கே சேர்க்க வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் மனைவியின் மீதான கட்டுப்பாடு பிறந்தது என்று 1884-இல் எங்கெல்ஸ் எழுதினார்; பெண் உற்பத்தியில் இறங்கி, வீட்டுவேலை சமூகத்தின் பொறுப்பாக மாறினால் அடிமைத்தனம் முடியும் என்பது அவர் முடிவு. இது சோதித்தும் பார்க்கப்பட்டது. 1919-இல் சோவியத் கட்சிக்குள் மகளிர் துறை உருவானது; அலெக்சாண்ட்ரா கொலந்தாய் பொது உணவகங்களையும் குழந்தைக் காப்பகங்களையும் வலியுறுத்தினார்; 1920-இல் கருக்கலைப்பு சட்டபூர்வமானது. ஆனால் 1930-இல் மகளிர் துறை மூடப்பட்டது. 1936-இல் கருக்கலைப்பு மீண்டும் தடையானது. தனிச்சொத்து ஒழிந்த நாட்டிலும் ஆலையிலிருந்து திரும்பிய பெண்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். மார்க்சியத்துக்கும் பெண்ணியத்துக்கும் நடந்தது மகிழ்ச்சியில்லாத கல்யாணம் என்று 1979-இல் ஹைடி ஹார்ட்மன் எழுதியது இதை வைத்துத்தான். முதலாளியம் வேறு, ஆணாதிக்கம் வேறு, இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன என்ற சோசலிசப் பெண்ணியத்தின் நிலைப்பாடு இங்கிருந்து உறுதிப்பட்டது.

இந்தப் பிரிவின் வாதங்களில் மிகவும் சுவையானது வீட்டுவேலைக்கு ஊதியம் என்ற கோரிக்கை. 1972-இல் இத்தாலியின் பதுவாவில் மரியாரோசா தல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரீச்சி முதலானோர் இதைத் தொடங்கினார்கள். தொழிலாளியை மறுநாள் வேலைக்குத் தயார்செய்து அனுப்புவது மனைவியின் சமையலும் துவையலும் என்றால், அந்த உழைப்பின் பலனை இலவசமாக அனுபவிப்பது முதலாளிதானே என்பது அவர்களின் கேள்வி. இதற்கு 1981-இல் கறுப்பின அமெரிக்கச் சிந்தனையாளர் ஏஞ்சலா டேவிஸ் கொடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுவேலைக்குக் கூலி வாங்கியவர்கள்தான், பிறர் வீட்டில், அந்தக் கூலி அவர்களை விடுவித்ததா? என்னைக் கேட்டால் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 299 நிமிடங்கள், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘உதவித் தொகை’ என்று பெயரிடாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டதை, இந்த விவாதத்தை அறிந்தவர்கள் சும்மா கடந்துபோக மாட்டார்கள். தொகை சிறிதாக இருக்கலாம். பெயர் ஒரு நிலைப்பாடு.

அடுத்த திருப்பம் 1949-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் து பொவ்வாரிடமிருந்து வந்தது. பெண் பெண்ணாகப் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறாள் என்ற அவருடைய வாக்கியம், உடற்கூறு வேறு, சமூகம் அதற்குக் கொடுக்கும் வடிவம் வேறு என்ற பிரிப்புக்கு வழிவகுத்தது. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எழுந்த தீவிரப் பெண்ணியம் இதை எடுத்துக்கொண்டு, அதிகாரத்தின் பிறப்பிடம் நாடாளுமன்றமோ ஆலையோ அல்ல, குடும்பமும் படுக்கையறையும்தான் என்றது. இவர்களின் கருவி மிக எளியது: பத்துப் பெண்கள் ஓர் அறையில் வட்டமாக உட்கார்ந்து, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்வது. நமக்குள் பேசி என்ன ஆகப்போகிறது, இது அரசியலா, மனநல சிகிச்சையா என்று இயக்கத்துக்குள்ளேயே கேலி எழுந்தபோது, கேரல் ஹானிஷ் 1969-இல் ஒரு பதில் எழுதினார். அடுத்த ஆண்டு அது அச்சேறியபோது தொகுப்பாசிரியர்கள் வைத்த தலைப்புதான் ‘தனிப்பட்டது அரசியலே’. அந்தப் புகழ்பெற்ற முழக்கம் ஹானிஷின் சொந்த வாசகமல்ல.

வெறும் பேச்சு என்று கேலி செய்யப்பட்ட அந்த வட்டங்களிலிருந்துதான் இன்று நாம் சாதாரணமாகப் புழங்கும் பல கருத்துகள் வந்தன. மேலதிகாரி தொட்டுப் பேசுவதற்கு 1970-களின் நடுப்பகுதி வரை ஆங்கிலத்தில் பரவலாக அறியப்பட்ட பெயர்கூட இல்லை. அது ‘ஆண்கள் அப்படித்தான்’ என்ற வகையில் அடங்கியது. ‘பாலியல் துன்புறுத்தல்’ என்ற பெயர் கிடைத்த பிறகு 1979-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கேதரின் மெக்கினன் அதைப் பாலினப் பாகுபாடு என்று சட்ட மொழியில் நிறுவினார். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக ஓர் அரசுத் திட்டப் பணியாளர் 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளானார். அதைத் தொடர்ந்து, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்த விசாகா தீர்ப்பு 1997-இலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இலும் இந்தியாவில் அதே பாதையில் வந்தன. திருமணத்துக்குள் வன்புணர்ச்சி என்ற கருத்தும் இவர்கள் கொண்டுவந்ததுதான். இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1991-இல் கணவனுக்கிருந்த விதிவிலக்கை ஒழித்தது. இந்தியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும், மனைவி பதினெட்டு வயது நிரம்பியவராக இருந்தால் அந்த விதிவிலக்கைக் காப்பாற்றியே வைத்திருக்கிறது.

இங்கே தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒற்றுமை ஒன்று உண்டு. பெண்ணடிமையின் வேர் பிள்ளைப்பேறு, அதிலிருந்து விடுபடாமல் விடுதலை இல்லை என்று ஷுலமித் ஃபயர்ஸ்டோன் 1970-இல் எழுதியபோது மேற்குலகம் அதிர்ந்தது. பெரியாரின் பெண் ஏன் அடிமையானாள் நூலைப் படித்தவருக்கு அதில் அதிர்ச்சி இருக்காது. கர்ப்பத்தடையை மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் குடும்ப வறுமையைக் கருதியும் ஆதரிக்கிறார்கள், நாமோ பெண்ணின் சுதந்திரத்துக்காக ஆதரிக்கிறோம் என்று அவர் தம் வேறுபாட்டைத் தெளிவாகவே பிரித்துக் காட்டினார். பிள்ளை பெறுவதையே பெண்கள் நிறுத்திவிடலாம் என்னும் அளவுக்கும் போனார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையையும் மணவிலக்கு உரிமையையும் கோரித் தீர்மானம் போட்டது. மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 1989-இல், நாடு முழுவதற்கும் 2005-இல். ஆகவே பெரியாரைத் தாராளவாதி என்பதா, தீவிரப் பெண்ணியர் என்பதா என்று கேட்டால், இந்தப் பெட்டிகள் வேறோர் ஊரில் செய்தவை என்பதுதான் பதில்.

பெண்ணின் அனுபவமும் பார்வையும் ஆணினுடையவற்றிலிருந்து வேறு, அந்த வேறுபாட்டுக்கும் மதிப்பு வேண்டும் என்கிற வேற்றுமைப் பெண்ணியம் என்ற பிரிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1982-இல் கேரல் கில்லிகன், அறவளர்ச்சியை அளக்க உளவியலில் பயன்பட்ட அளவுகோல் ஆண்பிள்ளைகளின் பதில்களை வைத்துச் செய்தது என்று காட்டினார். சாகக் கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்ற கேள்விக்கு, உயிர் சொத்தைவிடப் பெரிது, திருடலாம் என்ற பதினொரு வயதுப் பையனுக்கு மதிப்பெண் கூட. திருடிச் சிறைக்குப் போனால் மனைவியை யார் பார்ப்பது, மருந்துக்கடைக்காரரிடம் பேசிப் பார்க்கலாமே என்ற சிறுமிக்குக் குறைவு. உறவையும் அக்கறையையும் மையமாகக் கொண்ட இன்னோர் அறம் இருக்கிறது என்பது கில்லிகனின் வாதம். பணிந்தே வாழ்ந்தவர்கள் பழகிக்கொண்ட குரலைப் பெண்ணின் இயல்பான குரல் என்று கொண்டாடலாமா என்பது எதிர்வாதம். சூழலியல் பெண்ணியம் இதற்குப் பக்கத்து வீடு. பெண்ணுக்கும் இயற்கைக்கும் தனிப் பிணைப்பு உண்டு என்று வந்தனா சிவா 1988-இல் எழுத, அந்தப் பிணைப்பு இயல்பால் வந்ததல்ல, விறகும் தண்ணீரும் சுமப்பவள் யார், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதால் வந்தது என்று பினா அகர்வால் மறுத்தார். நான் அகர்வால் பக்கம்.

எல்லாவற்றிலும் பெரிய உடைப்பு ‘பெண்’ என்ற சொல்லிலேயே நிகழ்ந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, 1964-க்கு முன்பு கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. 1970-களின் மந்தநிலையில், கடைசியாக வந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற பணிமூப்பு விதிப்படி ஆட்குறைப்பு நடந்தபோது 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தார்கள். ஐந்து பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம்; அந்தப் பெண்கள் அலுவலகத்தில் இருந்த வெள்ளையர்கள். இனப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே நடக்கும் இன்னொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. இரண்டையும் சேர்த்து ஒரு புதிய வகையினரைச் சட்டம் உருவாக்க முடியாது என்று 1976-இல் தீர்ப்பாயிற்று. இந்தத் தீர்ப்பைப் பிரித்துக் காட்டித்தான் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற சொல்லை உருவாக்கினார். தமிழில் குறுக்குவெட்டுத்தன்மை என்கிறார்கள். நாற்சந்தியில் நிற்பவரை எந்தச் சாலையில் வந்த வண்டி இடித்தது என்று நிரூபித்தால்தான் ஆம்புலன்ஸ் வரும் என்பது போன்றது அந்தச் சட்டம். பாகுபாடுகளைக் கூட்டல் கணக்காகப் பார்ப்பதல்ல இந்தக் கோட்பாடு. இரண்டு கூடுமிடத்தில் மூன்றாவதாக ஒன்று, இரண்டு சட்டங்களின் கண்ணிலும் படாமல், உருவாகிறது என்பதே அது.

இந்தியாவில் அந்த நாற்சந்திக்குச் சாதி என்று பெயர். சாதி தன்னைக் காத்துக்கொள்வது சாதிக்குள்ளேயே மணமுடிக்கும் அகமணத்தால், அகமணம் நிற்பது பெண்ணின் மீதான கட்டுப்பாட்டால் என்று 1916-லேயே அம்பேத்கர் ஆய்வுக் கட்டுரை படித்தார். அதை 1993-இல் உமா சக்கரவர்த்தி ‘பார்ப்பனியத் தந்தைவழி ஆதிக்கம்’ என்ற கோட்பாடாக வளர்த்தார். 1995-இல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. தலித் பெண்கள் தனித்துப் பேசுவதற்கு, மகளிர் இயக்கத்துக்குள் இருக்கும் சாதியும் தலித் இயக்கத்துக்குள் இருக்கும் ஆணாதிக்கமும் காரணம் என்று கோபால் குரு அதே ஆண்டில் விளக்கினார். தமிழில் 1992-இல் வெளிவந்த பாமாவின் கருக்கு, இந்த விவாதங்களுக்கு முன்பே, கிறித்தவ மடத்துக்குள்ளும் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை எழுதிவிட்டது.

பெண்ணியம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இலங்கை அறிஞர் குமாரி ஜயவர்த்தன 1986-இல் எழுதிய நூல், எகிப்து முதல் ஜப்பான் வரை பெண்ணியம் காலனிய எதிர்ப்போடு சேர்ந்து உள்ளூரிலேயே முளைத்ததை நாடு நாடாகக் காட்டுகிறது. ஆண்கள் கோஷா என்ற திரைமறைவுக்குள் இருக்க, பெண்கள் அறிவியலால் நாடாளும் கற்பனையை வங்காளத்து ரொக்கையா 1905-இல் எழுதினார். அது முதலில் வெளிவந்தது சென்னையிலிருந்து வந்த ஒரு மகளிர் இதழில். மூன்றாம் உலகப் பெண் என்றாலே ஏழை, படிப்பில்லாதவள், பரிதாபத்துக்குரியவள் என்று வார்த்துவைக்கும் மேற்கத்திய ஆய்வுகளை 1984-இல் சந்திரா மொகந்தி விமர்சித்தது பின்காலனியப் பெண்ணியத்தின் அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்று. ஜூடித் பட்லர் 1990-இல் இன்னும் ஒரு படி போய், பாலினம் என்பது நாம் திரும்பத் திரும்ப நடித்து நிலைநிறுத்துவது என்றார். திருநர் உரிமை பற்றிய இன்றைய சர்ச்சைகளில் இரு தரப்பும் அவரைத் தொட்டுக்கொண்டுதான் பேசுகின்றன.

எது சரி என்ற கடைசிக் கேள்விக்கு ஓர் உதாரணத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற மசோதா முதலில் 1996-இல் வந்தது. சம பிரதிநிதித்துவம் என்ற கோரிக்கை தூய தாராளவாதம். அதில் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு உள் ஒதுக்கீடு இல்லையென்றால் அந்த இடங்களில் யார் போய் உட்காருவார்கள் என்று கேட்டவர்கள், ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கின் கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர்களில் சிலர் உண்மையாகவே அதற்காகக் கேட்டார்கள். சிலருக்கு மசோதாவைத் தள்ளிப்போட அது வசதியான சாக்கு. 27 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு உள் ஒதுக்கீட்டோடும் பிற்படுத்தப்பட்டோருக்கு அது இல்லாமலும், 106-ஆம் அரசமைப்புத் திருத்தமாக அது நிறைவேறியது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதையொட்டிய தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே இந்த ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதியிருக்கிறது.